முத்திரையும் அறுந்த காதும்

போட்டோஷொப் என்பது ஒரு மென்பொருளின் பெயர் என்பது மலையகத்தில் பலருக்கு இன்று நினைவில் இல்லை. அது வினைச்சொல்லாகிப் பல காலமாயிற்று. பதுளை நகரில் ஏதாவதொரு ஸ்டூடியோவில் அரைமணி நேரம் நின்று பார்த்தால் போதும். பசறையிலிருந்தும் மடுல்சீமையிலிருந்தும் லுணுகலையிலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்கள், பையில் சுற்றிக் கொண்டுவந்த பழைய படத்தை மேசையில் வைத்துவிட்டு, “இத போட்டோஷொப் பண்ணிக் குடுங்க தம்பி” என்பார்கள். கிழிந்த இடத்தை ஒட்டவேண்டும், வெள்ளைப் புள்ளிகளை எடுக்கவேண்டும் என்பது முதல் வேண்டுகோள். பிறகு சற்றுத் தயங்கி, “கொஞ்சம் வெளுப்பா வரட்டும்” என்பார்கள். ஆண் என்றால் கோட்டும் டையும். பெண் என்றால் பட்டுச்சேலை. பின்னால் லயத்துச் சுவர் தெரிந்தால் அதை எடுத்துவிட்டு நீலத்திரை. பெரும்பாலும் அவசரம். கருமாதிக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கும்.

இவ்வேண்டுகோள்களை ஏளனம் செய்யும் நோக்கம் எனக்கில்லை. வாழ்நாள் முழுவதும் நல்ல உடை உடுத்திப் பார்க்காத தகப்பனுக்கு, இறந்தபிறகாவது ஒரு கோட்டு அணிவிக்க ஆசைப்படும் மகனைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் முப்பத்தைந்து ஆண்டுகளுக்குமேல் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற வகையில், படத்தைத் திருத்துவது என்றவுடனே என்னுள் ஒரு எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கிவிடுகிறது. ஓய்வு பெற்றபின் எனக்கு வாய்த்த பொழுதுபோக்கு பழைய படங்களைச் செப்பனிடுவதுதான். ஊவாவின் தோட்டங்களிலிருந்தும், அங்கிருந்து போய் நீலகிரியில் குடியேறியவர்களிடமிருந்தும், இப்போது கனடாவிலும் இங்கிலாந்திலும் இருப்பவர்களிடமிருந்தும் மின்னஞ்சலில் படங்கள் வருகின்றன. ஆகவே, எதைத் திருத்தலாம், எதைத் தொடலாகாது என்ற கேள்வி எனக்கு வெறும் தத்துவ விசாரமன்று. வாரந்தோறும் கணினியின் முன் உட்காரும்போது விடை சொல்லியாகவேண்டிய கேள்வி.

தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் பழைய படம் என்பது அபூர்வப் பொருள். மலைநாட்டை யாரும் படம் பிடிக்கவில்லை என்பதல்ல இதன் பொருள். ஒளிப்பட வரலாற்றில் பெரும்பெயர் பெற்ற ஜூலியா மார்கரெட் கமரோன் 1875இல் இங்கிலாந்திலிருந்து இலங்கை வந்து, 1879இல் இம்மலைகளிலேயே இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமானார். தோட்டத் தொழிலாளர்களையும் அவர் படம் எடுத்தார். கொழும்பிலிருந்த ஸ்கீன், பிளாத்தே போன்ற நிறுவனங்கள் தேயிலைத் தோட்டங்களைப் படம் பிடித்து விற்றன. அவை தபாலட்டைகளாகக் கடல் கடந்து சென்றன. 1890இல் ஹப்புத்தளையின் தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டனின் விளம்பரங்களில் கொழுந்துக்கூடைப் பெண் உலகம் சுற்றினாள். ஆயினும் இப்படங்களில் பெரும்பாலானவற்றில் அப்பெண்ணின் பெயர் இல்லை. அந்தப் படத்தின் பிரதி ஒன்று அவளுடைய காம்பிராவுக்கு வந்து சேரவுமில்லை.

தொழிலாளி தன் பெயரோடு கமராவின் முன் உட்கார நேர்ந்தது, பெரும்பாலும் அரசாங்கம் கேட்டபோதுதான். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கில் எடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. போகிறவர்களுக்குக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். இங்கேயே இருக்கக் கிடைத்தவர்களுக்கு, 1972இல் வழங்கத் தொடங்கிய தேசிய அடையாள அட்டைக்குப் படம் வேண்டும். பிரட்டுக்களத்தில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, அதன் முன் வரிசையாக உட்காரவைத்து எடுத்த படங்கள் அவை. சிரிக்காத முகங்கள். பின்னாளில் அந்த அங்குல அளவுப் படமே திருமணப் படத்தின் இடத்திலும் குடும்பப் படத்தின் இடத்திலும் மரணப் படத்தின் இடத்திலும் நின்றது. ஆகவே என்னிடம் வரும் பத்துப் படங்களில் ஆறேழு, ஏதோவோர் அதிகாரிக்காக எடுக்கப்பட்டவையாகவே இருக்கின்றன.

இனி அந்த மென்பொருளுக்கு வருவோம். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த தோமஸ் நோல் என்பவர், கறுப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் நிறச் சாயல்களைக் காட்டுவதற்காக 1987இல் ஒரு நிரல் எழுதினார். திரைப்பட மாயத்தோற்றங்களை உருவாக்கும் நிறுவனத்தில் வேலை பார்த்த அவருடைய சகோதரர் ஜோன் நோல் அதில் பெரிய வாய்ப்பைக் கண்டார். அடோபி நிறுவனம் 1990 பெப்ரவரியில் அதை மெக்கின்டோஷ் கணினிகளுக்கு வெளியிட்டது. இச்சகோதரர்களின் தந்தைக்கு வீட்டு நிலவறையில் ஓர் இருட்டறை இருந்ததாம். படம் கழுவிப் பழகிய பிள்ளைகள் அவர்கள். அதனால்தான் போட்டோஷொப்பின் கருவிப்பெட்டியில் இருட்டறையின் சாமான்கள் அப்படியே இருக்கின்றன. ஓரிடத்தைக் கறுக்கவிடாமல் ஒளியை மறைப்பதற்கு, குச்சியின் நுனியில் வட்ட அட்டையை ஒட்டிப் பிடிப்பார்கள். அந்தக் குச்சி அங்கே சிறு சின்னமாக இருக்கிறது. ஓரிடத்தை மட்டும் கறுக்கவைக்க உள்ளங்கையைக் குவித்து ஒளி விடுவார்கள்; அந்தக் கையும் இருக்கிறது. இருட்டறையைக் கண்ணால் கண்டிராத இளைஞர்கள் அக்கையின் சின்னத்தை நாள்தோறும் அழுத்துகிறார்கள். அது எந்தக் கை என்று எத்தனை பேருக்குத் தெரியுமோ!

நான் பத்திரிகையில் சேர்ந்த காலத்தில் எங்கள் அலுவலகத்திலும் ஒரு திருத்தக் கலைஞர் இருந்தார். மெல்லிய தூரிகையும் வெள்ளை மையும் கறுப்பு மையும்தான் அவருடைய மென்பொருள். மங்கலான படம் அச்சில் கரிக்கட்டியாகிவிடும் என்பதால், தலைமயிரின் விளிம்பில் வெள்ளைக் கோடு இழுப்பார். கண்ணுக்குள் ஒரு புள்ளி வைப்பார். சில அரசியல்வாதிகளுக்கு அவர் கையால் ஏறிய இளமை பிறகு கணினியாலும் ஏறவில்லை. அது யாரையும் ஏமாற்றும் வேலையாக எங்களுக்குத் தோன்றவில்லை. மட்டமான தாளில், மட்டமான மையில், ஆளை அடையாளம் காணச்செய்யும் வேலை அது.

எல்லை எங்கே இருக்கிறது என்பதை உலகப் பத்திரிகையாளர்களுக்கு அழுத்தமாக உணர்த்திய சம்பவம் 2006 ஓகஸ்டில் நடந்தது. லெபனானில் இஸ்ரேலின் குண்டுவீச்சின்போது, ரொய்ட்டர் நிறுவனத்துக்குப் படம் அனுப்பிய அட்னான் ஹஜ் என்ற படப்பிடிப்பாளர், பெய்ரூட் நகரின் மேல் எழுந்த புகையைப் போட்டோஷொப்பில் பெருக்கியிருந்தார். குளோன் ஸ்டாம்ப் என்ற கருவி ஓரிடத்தை நகலெடுத்து இன்னோரிடத்தில் பதிப்பது. ஒரே மாதிரிப் புகைச் சுருள் திரும்பத் திரும்ப வந்ததைக் கண்டு வாசகர்களே கையும் மெய்யுமாகப் பிடித்துவிட்டார்கள். ரொய்ட்டர் அவருடைய 920 படங்களையும் விற்பனையிலிருந்து நீக்கியது. அங்கே உண்மையாகவே குண்டு விழுந்தது. உண்மையாகவே புகை எழுந்தது. அதனால் என்ன? சேர்த்த புகை, சேர்க்காத புகையையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கியது.

அது செய்திப் படம். குடும்பப் படத்துக்கு அதே விதி பொருந்துமா? “எங்க வீட்டுச் சுவரில மாட்டப்போறது, இதுல யாருக்கு என்ன நட்டம்?” என்று கேட்பவருக்கு என்னிடம் உடனடியான பதில் கிடையாது. ஆனால் மேலே சொன்ன கணக்கை நினைத்துப் பாருங்கள். எழுதப்பட்ட ஆவணங்கள் குறைந்த ஒரு சமூகம். குடும்பத்துக்கு ஒன்று, இரண்டு படங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயங்களோடு சேர்ந்து அங்கிருந்த படங்களும் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் கொண்டுவந்த மழையிலும் மண்சரிவிலும் பதுளை மாவட்டம் மீண்டும் அடிபட்டது. மிஞ்சியிருக்கும் சுவர்ப்படம் நாளைக்கு வரலாற்றுச் சான்று. அதில் இல்லாத கோட்டு ஏறிவிட்டால், ஐம்பது ஆண்டு கழித்துப் பார்க்கும் பேரனுக்குத் தன் பூட்டன் கோட்டு அணிந்த கனவானாகவே தோன்றுவார். கவ்வாத்துக் கத்தி பிடித்தவர் மறைந்துபோவார்.

நனைந்த படங்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னர் மறந்துவிடுவேன். சேறு பட்ட படத்தைத் துடைக்காதீர்கள். சுத்தமான குளிர்ந்த நீரில் மெல்ல அலசி, படப்பக்கம் மேலே இருக்குமாறு நிழலில் பரப்புங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் காயவிட்டால் ஒட்டிக்கொள்ளும். பிறகு எந்த மென்பொருளும் உதவாது. கண்ணாடியோடு ஒட்டிவிட்ட படத்தைப் பிய்த்து எடுக்கவேண்டாம். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துகொள்ளலாம்.

நான் பயன்படுத்துவது போட்டோஷொப் அல்ல, கிம்ப். 1995இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மெட்டிஸ் என்ற இரு மாணவர்கள் தொடங்கிய இலவச மென்பொருள் அது. ஒரு காலத்தில் நம் நாட்டில் போட்டோஷொப் என்றால் பெட்டிக்கடையில் விற்ற திருட்டு இறுவட்டுத்தான். காசு கொடுத்து உரிமம் வாங்கியவர் எவரையும் நான் கண்டதில்லை. 2013இல் அடோபி, புதிய பதிப்புகளை மொத்தமாக விற்பதை விட்டுச் சந்தா முறைக்கு மாறியது. ஓய்வூதியக்காரன் டொலரில் சந்தா கட்ட இயலுமா? கிம்ப் எனக்குப் போதும். 2025 மார்ச்சில் அதன் மூன்றாம் பதிப்பு வந்தபிறகு போதும் என்பதற்கு மேலாகவே இருக்கிறது.

முதற்பாடம் ஸ்கேனரில்தான். கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று அதைக் கறுப்பு வெள்ளையிலேயே ஸ்கேன் செய்வார்கள். வண்ணத்தில் செய்யவேண்டும், அதுவும் அங்குலத்துக்கு 600 புள்ளிகளுக்குக் குறையாமல். ஊவாவின் மலைத்தோட்டங்களில் படத்தைக் கெடுப்பவை மூன்று: மூடுபனியின் ஈரத்தில் வரும் பூஞ்சணம், காம்பிராவின் விறகடுப்புப் புகை, சாமிப்படத்தின் பக்கத்தில் எரியும் விளக்கின் கரி. பழுப்பு மஞ்சளான கறை, வண்ண ஸ்கேனின் நீலத் தளத்தில் கருமையாகத் தெரியும். சிவப்புத் தளத்தில் ஏறக்குறைய மறைந்துவிடும். அந்தச் சிவப்புத் தளத்தை மட்டும் பிரித்து எடுத்தால் பாதி வேலை முடிந்தது. இதைக் கண்டவுடன் மந்திரம் என்பார்கள். மந்திரம் ஒன்றுமில்லை. மஞ்சள், நீல ஒளியை விழுங்கும், சிவப்பை விட்டுவிடும். அவ்வளவே.

அடுத்தது புள்ளிகளும் கீறல்களும். 2002இல் வந்த போட்டோஷொப் ஏழாம் பதிப்பில் ஹீலிங் பிரஷ் என்ற கருவியைச் சேர்த்தார்கள். கிம்ப்பில் அது 2007இல் வந்தது. குளோன் ஸ்டாம்ப் வெறுமனே நகல் பதிக்கும். இது அப்படியன்று, இழைநயத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து, ஒளியையும் நிறச்சாயலையும் சுற்றுப்புறத்துக்கு இணங்க மாற்றிக்கொள்ளும். கன்னத்தில் விழுந்த கீறல் தழும்பில்லாமல் ஆறும். ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. தாளில் விழுந்த புள்ளிக்கும் முகத்திலிருந்த மச்சத்துக்கும் அந்தக் கருவிக்கு வேற்றுமை தெரியாது. அம்மைத்தழும்பு, நெற்றியில் குத்திய பச்சை, மூக்குத்தித் துளை எல்லாமே அதற்குப் பழுதுதான். ஆகவே நான் எனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறேன். தாளுக்கு நேர்ந்த சேதத்தைத் திருத்துவேன். ஆளுக்கு நேர்ந்ததைத் தொடமாட்டேன். சந்தேகம் வந்தால் படத்திலிருப்பவரை அறிந்தவரிடம் கேட்பேன்.

வெளுப்பாக்கும் விடயத்தில் ஸ்டூடியோப் பையனைக் குறைகூறிப் பயனில்லை. அந்த நோய் பிலிமிலேயே இருந்தது. பழைய கறுப்பு வெள்ளைப் பிலிம்களில் ஒருவகைக்குச் சிவப்பு ஒளி தெரியாது. மாநிற முகங்கள் அதில் உள்ளதைவிடக் கறுப்பாகவே விழுந்தன. ஸ்டூடியோக்காரர் நெகட்டிவின் மேல் பென்சிலால் தீட்டி அதை ஈடுசெய்தார். வண்ணப் பிலிம் வந்தபிறகும் கொடக் நிறுவனம் பல ஆண்டுகள் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் படத்தை வைத்தே நிறத்தைச் சரிபார்க்குமாறு அச்சிடும் கூடங்களுக்கு அட்டை அனுப்பி வந்தது. ஆகவே நம்மவர் “வெளுப்பா வரட்டும்” என்று கேட்பதில், ‘என் முகம் தெரியட்டும்’ என்ற நியாயமான கோரிக்கையும் கலந்திருக்கிறது. நிழலில் புதைந்த கண்ணையும் கன்னத்தையும் வளைகோட்டுக் கருவியால் மெல்ல மேலே கொண்டுவந்து காட்டினால், கேட்டவர்களில் பலர் அதோடு திருப்தியடைந்துவிடுகிறார்கள். “இப்பதாங்க எங்க அப்பா மாதிரி இருக்கு” என்ற வார்த்தை அப்போதுதான் வரும். வெளுப்பை அவர்களே மறந்துவிடுவார்கள். எல்லோரும் அப்படியல்லர், சிலர் வேறு ஸ்டூடியோவுக்குப் போயுமிருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு எனக்கு வந்த ஒரு படத்தைப் பற்றி இனிச் சொல்லவேண்டும். இரண்டு சகோதரிகள். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர்கள். மூத்தவர் கணவரோடு இந்தியப் பிரஜாவுரிமை பெற்று 1973இல் கப்பலேறினார். கோத்தகிரியில் தேயிலையே பறித்து, அங்கேயே காலமானார். இளையவருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. பசறைக்கு அருகே ஒரு தோட்டத்தில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பதுளையிலிருந்து தலைமன்னாருக்குப் போனவர்களைச் சுமந்த ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. அதில் அக்காவை ஏற்றிவிட்டதுதான் அவர் கடைசியாகக் கண்டது. பதுளை ஸ்டேசனில், என்றார். இரு குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் அண்மையில் கைத்தொலைபேசி வழியாக ஒருவரையொருவர் கண்டுபிடித்திருக்கிறார்கள். கோத்தகிரிப் பேரன், பாட்டியின் கடவுச்சீட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். அக்காவின் ஒரே படம் அது. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்தில் குத்திய முத்திரையின் வளைவு, வலது தோளிலிருந்து தாடை வரை ஏறியிருந்தது.

பசறைப் பேத்தி கெட்டிக்காரி. கொழும்பில் கடையொன்றில் வேலை. அந்தப் படத்தைக் கைத்தொலைபேசியில் ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலிக்குக் கொடுத்தார். சில நொடிகளில் பளிச்சென்று வந்துவிட்டது: முத்திரை இல்லை, மங்கல் இல்லை, கண்ணிமை மயிர் ஒவ்வொன்றாக எண்ணலாம். சட்டமிட்டுக் கொண்டுபோய் அம்மாயியின் கையில் கொடுத்திருக்கிறார். கிழவி நெடுநேரம் பார்த்துவிட்டு, “யாருடி இது? நம்ம துரை வூட்டு டீச்சரம்மாவா?” என்று கேட்டாராம்.

இது வேடிக்கையன்று. மேசைக்கணினியின் பழைய கருவிகள் அந்தப் படத்துக்குள்ளேயே இருந்த புள்ளிகளை எடுத்து இடம் மாற்றின. ஹீலிங் பிரஷ் கன்னத்தை ஆற்றுவதற்கு அதே கன்னத்திடம்தான் கடன் வாங்கியது. இப்போது வந்திருக்கும் செயலிகள் இலட்சக்கணக்கான வேற்று முகங்களைப் பார்த்துப் பழகியவை. மங்கிய இடத்தில் என்ன இருந்திருக்கக்கூடும் என்று ஊகித்து வரைகின்றன. கூர்மை கூடக்கூட ஆள் விலகிப்போகிறார். போட்டோஷொப்பிலும் இந்த வித்தை 2023இலிருந்து ஒரு பொத்தானாக வந்துவிட்டது. நான் அதைப் பழிக்கவில்லை. வானமும் சுவரும் நிரப்ப நல்ல சாதனம். முகத்தில் வேண்டாம்.

பேத்தி மூலப்படத்தை எனக்கு அனுப்பினார். கடவுச்சீட்டையே தட்டை ஸ்கேனரில் வைத்து எடுத்து அனுப்புமாறு கோத்தகிரிப் பேரனைக் கேட்டுக்கொண்டேன். அவர் அதைக் குன்னூருக்குக் கொண்டுபோய் எடுத்து அனுப்பினார். அதில்தான் இடது காது தெரிந்தது. வளர்த்த காது, தொங்கும் மடலின் நடுவில் கீழிருந்து ஒரு வெட்டு. தாளின் கிழிசலோ என்று முதலில் ஐயப்பட்டேன். பெரிதாக்கிப் பார்த்தபோது, தாளின் இழை அந்த இடத்தில் அறுபடவில்லை. பேத்தியிடம் சொல்லி விசாரித்தேன். பதில் உடனே வந்தது. தோடு தேயிலைச் செடியின் கிளையில் மாட்டி இழுத்ததில் அறுந்த காதாம். இரத்தம் ஒழுக ஒழுக, அன்றைய கொழுந்தை நிறுத்துப் பேர் போட்ட பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனாராம். முதல் படத்தைப் பார்த்தபோது கிழவி தேடியது அந்தக் காதைத்தானாம். செயலி அதைத் தைத்துவிட்டிருந்தது.

காது இருக்கும் என்று முடிவாயிற்று. முத்திரை பாக்கி. கோத்தகிரிப் பேரனின் வேண்டுகோள் அதை நீக்கவேண்டும் என்பது. எனக்கோ அது நீக்கக்கூடாத பொருள். 525,000 பேரின் பங்கீடு ஒரு பெண்ணின் தாடையில் ஊதா மையாக விழுந்திருக்கிறது. அதைவிடப் பெரிய ஆவணம் என்ன இருக்கிறது? என் விதிப்படி பார்த்தாலும், அது தாளுக்கு நேர்ந்ததா ஆளுக்கு நேர்ந்ததா என்றால், ஆளுக்குத்தான். இதையெல்லாம் நீளமாகப் பேத்திக்கு எழுதி, அம்மாயியிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். இரண்டு நாள் கழித்துக் குரல் பதிவு ஒன்று வந்தது. கிழவியே பேசியிருந்தார்.

“அய்யா, நீங்க சொல்றது சரிதாங்க. ஆனா அந்தச் சீல எடுத்துடுங்க. அதுதானே அவள கொண்டுபோச்சு. வூட்ல அது இல்லாம அவ இருக்கட்டும்.”

எடுத்தேன். முத்திரையின் மை ஊதாவாக இருந்ததால் தளங்களைப் பிரித்ததில் முக்கால்வாசி மங்கிவிட்டது; தாடையின் ஓரத்தில் மட்டும் இரண்டு மாலை வேலை. லேயர் என்னும் அடுக்கு முறை போட்டோஷொப்பின் மூன்றாம் பதிப்பில், 1994இல் வந்தது. மூலத்தைத் தொடாமல் அதன்மேல் கண்ணாடித்தாள் விரித்து வரைவது போல. முத்திரையை மறைத்த திருத்தங்கள் எல்லாம் தனியடுக்கில் இருக்கின்றன. பக்கத்திலிருக்கும் கண் சின்னத்தை அணைத்தால் முத்திரை திரும்பி வரும். சட்டமிடும் பிரதி முத்திரை இல்லாமல் பசறைக்குப் போயிற்று. அடுக்குகளோடு கூடிய கோப்பும் தொடப்படாத ஸ்கேனும் இரு பேரப்பிள்ளைகளிடமும் இருக்கின்றன. வெளுப்பாக்கவுமில்லை, அதை யாரும் கேட்கவுமில்லை.

கடைசியாகப் பெயர். படத்தின் கீழே பெயரை எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். ஸ்டூடியோக்களில் இன்றைக்கும் பாமினி எழுத்துருவே வழங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. போட்டோஷொப்பின் பழைய பதிப்புகளில் யூனிகோட் தமிழைத் தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறும். இறந்தவரின் பெயரையே உடைத்துக் காட்டும் மென்பொருளை யார் நம்புவார்கள்? பின்னர் வந்த பதிப்புகளில் சரிசெய்துவிட்டார்கள், கிம்ப்பில் தொல்லையில்லை. பத்திரிகைப் படங்களின் கோப்புக்குள்ளேயே விபரம் எழுதிவைப்பதற்குச் சர்வதேசப் பத்திரிகைச் சங்கமொன்று வகுத்த கட்டங்கள் இருக்கின்றன: யார், எங்கே, எப்போது. திரையில் தெரியாது, படத்தோடு கூடவே போகும். என்னிடம் வரும் ஒவ்வொரு படத்திலும் அவற்றை நிரப்பியே அனுப்புகிறேன். வாசகர்களும் தங்கள் வீட்டுப் படங்களுக்கு இதைச் செய்யலாம். பத்து நிமிட வேலை.

இந்தப் படத்தில் அக்கட்டத்தை நிரப்ப உட்கார்ந்தபோது ஒரு சிக்கல். கடவுச்சீட்டில் ஒரு பெயர், கோத்தகிரிக் குடும்பம் சொன்னது இன்னொன்று. செக்றோலில் கணக்கப்பிள்ளை எழுதிய பெயரே கடவுச்சீட்டுக்கும் ஏறியிருக்கிறது. மலையகத்தில் இது புதிதன்று. தங்கையிடம் கேட்டனுப்பினேன். அவர் மூன்றாவதாக ஒன்று சொன்னார். தாய் தகப்பன் கூப்பிட்ட பெயராம். கோத்தகிரியில் அதை யாரும் கேள்விப்பட்டதில்லை. சட்டத்தின் கீழே அதை அச்சிட்டேன். மூன்று பெயர்களையும், தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும், 1973 என்ற ஆண்டையும் கோப்பினுள் எழுதியிருக்கிறேன்.